பேறும் கூடலும்: கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பின் இல்லறம்

கருத்தரிப்புச் சிகிச்சை, கணவன் மனைவியின் கூடலையும் கருவுறுதலையும் இரண்டு வேறு காரியங்களாகப் பிரித்துவிடுகிறது. கரு உருவாவது ஆய்வகத்தின் வேலையாகவோ மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதியின் வேலையாகவோ மாறிப் போகிறது. சிகிச்சை முடிந்தபின், குழந்தை உண்டானாலும் ஆகாவிட்டாலும், ஒரு கேள்வி வீட்டில் மிஞ்சுகிறது: பிள்ளைக்காக அல்லாத கூடலுக்கு அறத்தில் இடம் உண்டா? அதை ஒட்டியே இன்னொரு கேள்வியும் எழுகிறது: ஊசியிலும் ஏமாற்றத்திலும் களைத்துப்போன உடம்பையும் மனத்தையும் பேணிக்கொள்வது தன்னலமா, கடமையா? இரண்டும் மருத்துவக் கேள்விகளாகத் தோன்றினாலும், சமயமும் தத்துவமும் பதில் சொல்லவேண்டியவை. சேலம் மாவட்டத்து வாழப்பாடியை நடுவில் வைத்துப் பார்த்தால், அந்தப் பதிலின் பெரும்பகுதி சுற்றுவட்டாரக் கோயில்களிலும் கதைகளிலுமே கிடைக்கிறது.

தேதி பார்த்து வாழ்தல்

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியில் இரண்டாவது குழந்தை பிறந்தது. சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் 1990இல் தென்னிந்தியாவுக்கு இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தார். இன்று சேலம் நகரிலேயே கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. வாழப்பாடியிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். பாக்குத் தோப்பு வேலைக்கும் சேகோ ஆலைக்கும் போகிறவர்கள்கூட ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, காலைப் பேருந்தில் போய் ஸ்கேன் எடுத்துத் திரும்பும் தூரம்.

சிகிச்சையின் முதற்படி, முட்டை வளர மாத்திரை கொடுத்து, மாதவிலக்கின் ஒன்பதாம் நாள் வாக்கிலிருந்து ஸ்கேனில் வளர்ச்சியைப் பார்ப்பது. முட்டை முதிர்ந்ததும் ஓர் ஊசி. ஏறத்தாழ 36 மணி நேரத்தில் அது வெடித்து வெளிவரும் என்பதால், இன்ன இரவு சேர்ந்திருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருவார்கள். அது பலிக்காவிட்டால் கணவனின் விந்தைச் சுத்திகரித்துக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ. அடுத்தது ஐவிஎஃப்: பத்து நாள் வாக்கில் தினமும் ஊசி, மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுத்தல், ஆய்வகத்தில் கரு வளர்த்தல், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவை உள்ளே வைத்தல், பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு, கடைசியில் கரு தங்கியதா என்று அறியப் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை.

இந்த வரிசையில் உடல் நெருக்கம் படிப்படியாக இடம் இழக்கிறது. முதற்கட்டத்தில் அது தேதி போட்ட வேலை. நடுவில் மருத்துவமனையின் சிறிய அறையில் ஒரு குப்பிக்குள் முடிகிற காரியம். ஐவிஎஃப் கட்டத்தில் பெரும்பாலும் விலக்கிவைக்கப்படும் ஒன்று. குறித்த இரவில் கணவனுக்கு உடம்பு ஒத்துழைக்காமல் போவது மிகவும் சாதாரணம். அது ஆண்மைக் குறைவன்று, நெருக்கடியின் விளைவு. மனைவிக்கோ, தன் உடம்பு பலரும் கைவைத்து அளந்து குறிப்பெழுதும் பொருளாகிவிட்ட உணர்வு. ஆசையில்லாமல் பல மாதம் கூடியபின், ஆசை இருக்கும் நாளிலும் அதை எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியாமல் போகிறது.

வெளியிலிருந்து வரும் அழுத்தம் தனி. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டதும் பக்கத்து இலைக்காரர், ‘ஏம்மா, விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்பார். தங்கை முறை உள்ளவளின் வளைகாப்புக்கு அழைப்பு வரும். வளையல் போடும் வரிசையில் மட்டும் யாரும் கூப்பிடமாட்டார்கள். நாள் தள்ளிப்போனால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். விலக்கானால் அது வீட்டுச் செய்தியாகிவிடும். இப்படி ஊரே எட்டிப் பார்த்துவிட்டுப் போன அறைக்குள் இருவரும் மறுபடியும் தனியாவது எளிதல்ல.

நூல்களில் இரண்டு குரல்கள்

பழைய நூல்கள் பிள்ளைப்பேற்றை மிக உயர்வாக வைத்தன என்பதில் ஐயமில்லை. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, சோற்றை அளைந்து மேலெல்லாம் சிதறும் குழந்தை இல்லாதவர்க்கு எத்தனை செல்வமிருந்தும் வாழ்நாளுக்குப் பயனில்லை என்கிறான். மனுதருமம், மனைவி பிள்ளை பெறாவிட்டால் எட்டாம் ஆண்டில் வேறொருத்தியை மணக்கக் கணவனுக்கு அனுமதி தருகிறது. தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிடம் பிரிந்து போன தலைவன்கூட, தலைவிக்கு மாதவிலக்கானதைத் தொடரும் பன்னிரண்டு நாள் அவளை நீங்கியிருப்பது அறமாகாது என்று விதிக்கிறது. உரையாசிரியர்கள் இதைக் கருத்தங்கும் காலத்தோடு சேர்த்து விளக்கினார்கள். மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் தேதிக்கு இலக்கணத்தில் இவ்வளவு பழைய முன்னோடி இருக்கிறது. சிகிச்சை பெறும் தம்பதியர் சுமக்கும் பாரம் ஏதோ நவீன மருத்துவம் புதிதாகக் கொண்டுவந்து இறக்கியதல்ல. ஏற்கெனவே இருந்த கணக்கை மருத்துவம் மணிக்கணக்காக்கியது.

ஆனால் அதே நூல்களில் இன்னொரு குரலும் உண்டு. திருவள்ளுவர் மக்கட்பேற்றை அறத்துப்பாலில் ஓர் அதிகாரத்தில், பத்துக் குறளில் வைத்தார். காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம், 250 குறள் கொடுத்தார். அங்கே பார்வை உண்டு, பிரிவு உண்டு, ஊடல் உண்டு, கூடல் உண்டு. பிள்ளைப்பேறு பேசுபொருளாகவே இல்லை. பிள்ளை பெறுவது அறத்தின் பகுதி; கூடல் இன்பத்தின் பகுதி; ஒன்றை மற்றொன்றின் கருவியாக அவர் ஆக்கவில்லை. மனுதருமத்திலும், கருத்தரிக்கும் நாளில் கூடவேண்டும் என்ற விதியை அடுத்தே, விலக்கப்பட்ட திதிகள் தவிர மற்ற நாளிலும் மனைவியை மகிழ்விக்கக் கூடலாம் என்ற இசைவு வருகிறது. அறத்துக்கு மாறாகாத காமமாக உயிர்களிடம் இருப்பது தானே என்று கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான். அதற்குப் பிள்ளைப்பேறு என்ற நிபந்தனையை அவன் போடவில்லை.

திருமந்திரத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் தெளிவு. கரு எப்படி உருவாகிறது என்பதைத் திருமூலர் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்ற பகுதியில் பேசுகிறார். ஆண் பெண் கூடலை மூன்றாம் தந்திரத்தில் பரியங்க யோகம் என்ற பகுதியில், யோகங்களோடு சேர்த்து வைக்கிறார். முன்னது படைப்புத் தொழிலின் கீழ் வருகிறது. பின்னது மனமும் மூச்சும் ஒன்றும் பயிற்சியாக வருகிறது.

வசிட்ட நதிக்கரையில் ஒரு புராணம்

வாழப்பாடியிலிருந்து கிழக்கே ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன் சிலை நிற்கிறது. 2022 ஏப்ரல் 6 அன்று குடமுழுக்குக் கண்ட இச்சிலையைப் பார்க்க வருவோரில் பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் பலர். சஷ்டி விரதமும் அந்த வேண்டுதலோடு ஒட்டியது. அதே சாலையில் ஆத்தூரையும் தாண்டித் தலைவாசல் பக்கம் திரும்பினால் வசிட்ட நதிக்கரையில் ஆறகளூர். மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் ஊர். அங்குள்ள சிவனுக்குக் காமநாதீசுவரர் என்று பெயர். மன்மதன் வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. ஒரு கோயில் பிள்ளையாகப் பிறந்த தெய்வத்துக்கு; இன்னொன்று காமனுக்கு அருளிய தெய்வத்துக்கு. இரண்டையும் இணைக்கிற கதை கந்தபுராணம்.

சூரபதுமனை அழிக்கச் சிவனுக்கு ஒரு மகன் பிறக்க வேண்டும். சிவனோ யோகத்தில் இருக்கிறார். பிள்ளைக்காகவே தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். வேலையாக ஏவப்பட்ட காமன் நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். பின்னர் உமையின் திருமணத்தின்போது ரதி அழுது வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர் பெறுகிறான். முருகன் பிறப்பதோ அவன் கணையால் அல்ல. சிவனின் நெற்றிக்கண்களிலிருந்து எழுந்த ஆறு பொறிகளைத் தீயும் காற்றும் சுமக்கின்றன, கங்கை ஏந்துகிறது, சரவணப் பொய்கை தாங்குகிறது, கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டுகிறார்கள், கடைசியில் உமை அள்ளி அணைத்து ஒன்றாக்குகிறாள்.

இந்தக் கதையைக் காட்டி, அந்தக் காலத்திலேயே சோதனைக்குழாய்ச் சிகிச்சை இருந்தது என்று சொல்வது வீண்பேச்சு. கதையின் தத்துவம் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளையை உண்டாக்கும் கருவியாக ஏவப்பட்ட காமம் எரிந்து போயிற்று. அது திரும்பி வந்தது மனைவியின் பொருட்டு, அவள் ஒருத்திக்கு மட்டும். பிள்ளையும் வந்தான், ஆனால் வேறு வழியாக, பல கைகளின் உதவியோடு. இரண்டும் இரண்டு தனி அருள்கள். சிகிச்சைக்கூடத்தில் கரு உருவானதால் தங்கள் இல்லறம் குறைபட்டது என்று வருந்தும் தம்பதியர்க்கும், கரு உருவாகாததால் தங்கள் கூடலுக்குப் பொருளில்லை என்று ஒதுங்கும் தம்பதியர்க்கும் இந்தப் புராணம் ஒரே விடையைத்தான் சொல்கிறது.

மாதொருபாகனும் சோமாஸ்கந்தரும்

சேலத்துக்குத் தென்மேற்கே நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டு மலையில் மூலவர் அர்த்தநாரீசுவரர்: வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். பிள்ளையில்லாத பெண்கள் அங்குள்ள வரடிக்கல்லைச் சுற்றி வேண்டிக்கொள்ளும் வழக்கம் பழமையானது. அந்த ஊரையும் அதன் தேர்த்திருவிழாவையும் களமாக வைத்து, பிள்ளையில்லாத காளி, பொன்னா என்னும் தம்பதியின் கதையைப் பெருமாள்முருகன் 2010இல் ‘மாதொருபாகன்’ நாவலாக எழுதினார். ஒருவர்மேல் ஒருவர் தீராத ஆசை கொண்ட இருவரை, பிள்ளை என்ற ஒன்றைச் சொல்லிச் சொல்லியே உறவும் ஊரும் பிரித்துவைப்பதுதான் நாவலின் துயரம். நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் எழுந்த போராட்டத்தையும், எழுத்தாளர் எழுதுவதை நிறுத்தியதையும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததையும் தமிழகம் அறியும். அந்தச் சர்ச்சையில் நாவல் எழுப்பிய அடிப்படைக் கேள்வி பேசப்படாமலே போயிற்று: பிள்ளையில்லாத இருவரின் அன்பு முழுமையானதா, இல்லையா?

அதற்கான பதில் அந்த மலைமேலேயே சிலையாக நிற்கிறது. சைவத்தில் இறைவன் இறைவியின் வடிவங்கள் பல. சோமாஸ்கந்த வடிவில் சிவனுக்கும் உமைக்கும் நடுவே குழந்தை கந்தன் இருக்கிறான். அர்த்தநாரி வடிவில் நடுவே யாருமில்லை, இடைவெளியே இல்லை. இவற்றில் ஒன்று நிறைந்தது, மற்றொன்று குறைந்தது என்று பக்தர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் முழுமையாகவே வணங்குகிறார்கள். சிவனின் இடப்பாகத்தைப் பெற உமை நோற்றதாகச் சொல்லப்படும் கேதாரகௌரி விரதத்தைத் தீபாவளியை ஒட்டிப் பெண்கள் இன்றும் நோற்கிறார்கள். அந்த விரதக் கதையின் மையம் பிள்ளை வரமன்று. கணவனோடு பிரியாத ஒருமை. பிள்ளைக்காகச் சஷ்டி நோற்கும் வீட்டில், ஒருமைக்காகக் கேதாரகௌரி நோற்க மரபு தனியாக ஒரு நாள் கொடுத்திருக்கிறது.

பிற சமயங்களின் நிலை

கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சிகிச்சையில் கடுமையான நிலை எடுத்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட சுற்றுமடல், கூடலின் இணைக்கும் பொருளையும் பிறப்பிக்கும் பொருளையும் பிரிக்கக்கூடாது என்றது. அந்த அடிப்படையில் 1987ஆம் ஆண்டு அறிவுறுத்தல் சோதனைக்குழாய் முறையை ஏற்க மறுத்தது. ஆனால் அதே அறிவுறுத்தல், பிள்ளை பிறக்காததால் திருமண வாழ்வு தன் மதிப்பை இழப்பதில்லை என்றும் சொல்கிறது. இஸ்லாமில், கணவன் மனைவி இருவரின் சொந்த அணுக்களைக் கொண்டு, திருமண பந்தத்துக்குள் செய்யும் சிகிச்சையை 1980இல் அல்-அஸ்ஹர் ஏற்றது. மூன்றாம் நபரின் அணுவை ஏற்கவில்லை. இறைவன் தான் நாடியவர்க்கு ஆண் மக்களையும் பெண் மக்களையும் தருகிறான், நாடியவரை மக்களில்லாதவராக ஆக்குகிறான் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று அது சொல்லும் இடத்திலும் பிள்ளை நிபந்தனையாக இல்லை. சிகிச்சை முறையில் இச்சமயங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டாலும், பிள்ளையில்லாத இல்லறமும் இல்லறமே என்பதில் ஒத்துப்போகின்றன.

வினையா, நோயா?

சிகிச்சை தோற்ற வீட்டில் அடுத்து எழும் பேச்சு வினைப்பயன். முற்பிறவிப் பாவம், நாக தோஷம், குலதெய்வக் குறை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது பெண் தலையில் விழும். மருத்துவக் கணக்கு வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வயதுவந்தோரில் ஆறில் ஒருவர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். குழந்தையில்லாத தம்பதியரில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சினைப்பைக் கட்டிகள், கருக்குழாய் அடைப்பு, விந்தணுக் குறைவு, வயது ஆகியவை உடலின் நிலைகள். ஒழுக்கத்தின் தண்டனைகள் அல்ல.

வினைக் கொள்கையைச் சைவம் கையாண்ட விதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு பெண்ணாடத்தில் இருக்கிறது. வசிட்ட நதி போய்ச் சேரும் வெள்ளாற்றை ஒட்டிய ஊர் அது. அங்கே வாழ்ந்த அச்சுதகளப்பாளர் பிள்ளையின்றி வருந்தித் தம் குருவிடம் சென்றார். குறி அறியத் தேவார ஏட்டில் கயிறு சாத்தி, வந்த பக்கத்தைப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. கணவனும் மனைவியும் திருவெண்காடு சென்று முக்குளத்தில் நீராடி வழிபட்டார்கள். இப்பிறவியில் பிள்ளை இல்லை என்று கனவில் சொன்ன இறைவன், சம்பந்தன் பாட்டை நம்பியதற்காக ஒரு மகனைத் தந்தார் என்பது வரலாறு. அந்த மகனே சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். ஊழ் உண்டு என்று ஒப்புக்கொண்ட கதைதான் இது. ஆயினும் அந்த ஊழுக்கு மனைவியைக் குற்றவாளியாக்கும் பேச்சு இதில் இல்லை. இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். முயற்சி செய்வது அறம், பலன் கையில் இல்லை, பலன் வராததற்காக ஒருவரை ஒருவர் தண்டிப்பது மட்டும் அறமாகாது. வினைக் கொள்கையிலிருந்து தம்பதியர் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே.

உடம்பைப் பேணுதல்

உடம்பு இழிந்தது என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் மூன்றாம் தந்திரத்தின் காயசித்தி உபாயத்தில் சொல்கிறார். பேணுவதற்கு அவர் காட்டும் காரணம் பிள்ளை அல்ல, உடம்பில் உறையும் இறைவன். ஆகவே கரு தங்காத வயிறும் கோயில்தான். அதற்குரிய பராமரிப்பு குறையக்கூடாது.

அந்தப் பராமரிப்பு கட்டத்துக்குக் கட்டம் மாறும். முட்டை எடுத்த பிறகு சினைப்பைகள் பெருத்திருக்கும். பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரம் ஆகும். அதுவரை குடம் தூக்குவது, மரவள்ளி மூட்டை சுமப்பது, குனிந்து நிமிரும் கடும் வேலை, உடலுறவு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போடுவது நல்லது. வயிறு உப்பி, எடை திடீரென ஏறி, வாந்தியும் மூச்சுத் திணறலும் வந்து, சிறுநீர் குறைந்தால், அது சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டதன் அறிகுறி. இரவானாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கருவை வைத்தபின் படுத்த படுக்கையாகக் கிடந்தால்தான் கரு ஒட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. படுக்கை ஓய்வு வெற்றி வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. வழக்கமான இலேசான வேலைகளைச் செய்யலாம், நடக்கலாம். உடலுறவைப் பற்றி மையத்துக்கு மையம் அறிவுரை வேறுபடும். ஆஸ்திரேலியாவிலும் ஸ்பெயினிலும் நடந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு, கரு வைக்கும் காலத்தில் உறவு கொண்டதால் கருவுக்குத் தீங்கு வரவில்லை என்று கண்டது. ஆனாலும் சினைப்பை வீக்கம், இரத்தப்போக்கு போன்றவை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதே முறை. கேட்கக் கூச்சப்பட்டு, தோற்றபின் அந்த ஓர் இரவையே காரணமாக்கிப் புழுங்குவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் கரு ஒட்டாமல் போவது கருவின் குரோமோசோம் கோளாற்றால். பேருந்தில் குலுங்கியதாலோ பப்பாளி தின்றதாலோ அல்ல.

முடிவு எதிர்மறையாக வந்தால், மருந்தை நிறுத்திய சில நாளில் இரத்தப்போக்கு வரும். வழக்கத்தைவிட அதிகமாகவும் வலியோடும் இருக்கலாம். அந்த வாரத்தை நோய்வாய்ப்பட்ட வாரமாகவே வீடு மதிக்கவேண்டும். கருக்கலைந்தால் அது ஓர் இழப்பு. துக்கம் காக்க உரிமையுள்ள இழப்பு. இரத்தப்போக்கு நின்று மருத்துவர் பார்த்தபின்தான் உடலுறவு. கரு தங்கிவிட்டால், சிக்கலில்லாத கர்ப்பத்தில் நெருக்கம் பொதுவாகத் தீங்கல்ல. இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி இறக்கம், கருப்பை வாயின் நீளக் குறைவு ஆகியவை இருந்தால் தவிர்க்கவேண்டும். சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்களில் குறைந்தது ஐந்தில் ஒருவர் பின்னர் இயல்பாகவே கருவுறுகிறார் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. ஆகவே இனி அதற்கு வாய்ப்பே இல்லை என்ற எண்ணத்தில் கருத்தடையை மறப்பதும் சரியன்று.

மனத்துக்கும் அதே கவனிப்பு வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஒட்டாமல், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அது மனச்சோர்வு. டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உதவிக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெற்றி வாய்ப்பையும் பக்கவிளைவையும் சொல்லி ஆலோசனை தருவது மையத்தின் கடமை. இது கேட்டுப் பெற வேண்டிய உரிமை. மனத்தைப் பேணுவதில் கணவர்கள் பின்தங்குகிறார்கள். ஊசிக்கு உடம்பைக் கொடுத்தவள் மனைவி என்பதால் தன் துக்கத்துக்கு இடமில்லை என்று அவர்கள் வாய்மூடிக்கொள்வது இருவரையும் தனிமைப்படுத்துகிறது.

மீண்டும் நெருங்குதல்

ஒரே வீட்டில் தொடாமல் வாழ்ந்த தம்பதியின் கதை பெரியபுராணத்தில் உண்டு. தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்டர் பரத்தை வீடு சென்று திரும்பிய நாளில், மனைவி சிவனின் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தொடக்கூடாது என்றார். கணவர் அந்த ஆணையை முதுமைவரை காத்தார். அயலாருக்குத் தெரியாமல் ஒரே கூரையின் கீழ் இருவரும் மற்றெல்லாக் கடமைகளையும் செய்தார்கள். ஒருநாள் சிவயோகியாக வந்த இறைவன், தாம் காத்துவைக்கக் கொடுத்த திருவோட்டைத் தாமே மறைத்து, களவாடவில்லை என்றால் மகனின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். மகன் இல்லை என்றார் திருநீலகண்டர். அப்படியானால் மனைவியின் கையைப் பிடித்து மூழ்கு என்றார் யோகி. தொட முடியாது; சொல்லவும் முடியாது. மூங்கில் கோலின் ஒரு முனையை அவரும் மறுமுனையை மனைவியும் பிடித்துக் குளத்தில் இறங்கினார்கள். யோகி விடவில்லை; கையைத்தான் பிடிக்கவேண்டும் என்றார். அப்போதுதான் நீண்ட கால மௌனத்தை உடைத்து, அவையறியக் காரணத்தைச் சொல்லி, திருநீலகண்டர் மூழ்கினார். எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தார்கள்.

பிள்ளை இல்லை என்று சொன்ன அவருக்கு இறைவன் பிள்ளையைக் கொடுக்கவில்லை. மனைவியோடு வாழும் இளமையைக் கொடுத்தார். பெரியபுராணம் அதைக் குறைந்த அருளாகக் காட்டவில்லை. சிகிச்சைக்குப் பின் நெருக்கம் திரும்பும் ஒழுங்கும் இந்தக் கதையிலேயே இருக்கிறது. முதலில் கோலளவு தூரத்தில் நின்றாவது ஒன்றாக இறங்குவது: சேர்ந்து நடப்பது, சேர்ந்து சாப்பிடுவது, தலை வாரிவிடுவது, கால் பிடித்துவிடுவது. அடுத்தது பேச்சு. எந்த நாள் வலித்தது, எந்தச் சொல் தைத்தது, எதற்குப் பயம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்வது. தொடுதல் அதற்குப் பிறகு வரவேண்டும். அதுவும் கூடலில் முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லாமல். மருந்தின் விளைவாக வறட்சியோ வலியோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லித் தீர்வு பெறலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருவருக்கும் இருந்தால்தான் வேண்டும் என்பதற்குப் பொருள் வரும். நாட்காட்டியும் அண்டவிடுப்புச் செயலியும் சில மாதங்களுக்காவது படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். ஊடலை வள்ளுவர் காமத்துப்பாலின் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கோபித்துக்கொள்ளும் உரிமை திரும்பிய இடத்தில் இன்பமும் திரும்பும்.

இன்னொரு சுற்றுச் சிகிச்சைக்குப் போவதா, தத்தெடுப்பதா, இருவராகவே இருப்பதா என்ற முடிவை இந்த நெருக்கம் திரும்பியபின் எடுப்பது நல்லது. சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று சிகிச்சைக்கு வயது வரம்பு வைத்திருக்கிறது. பணத்துக்கும் உடம்புக்கும் அதற்கு முன்பே வரம்பு வந்துவிடலாம். நிறுத்திக்கொள்வது தோல்வியல்ல. பிள்ளைப்பேறு இல்லறத்தின் ஒரு பேறு. கூடல் இன்னொரு பேறு. முன்னது வாய்க்காதவர்க்குப் பின்னதை மறுக்கும் அதிகாரம் ஊருக்கும் உறவுக்கும் எந்தச் சமயமும் கொடுக்கவில்லை.